தாய்வீடு இல்லாத தாய்

அகத்திணைப் பாடல்களைப் பயின்றோர் எவரும் செவிலித்தாயை மறத்தல் இயலாது. பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தலைவி தலைவனுடன் ஊரறியாது சென்றுவிட்டாள் என்பது தெரிந்ததும் நற்றாய் மனையில் நின்று புலம்புவாள். பாலை வழியே நடந்து, எதிர்ப்படுவோரை எல்லாம் கேட்டுக்கொண்டு தேடிச்செல்பவள் செவிலியே. பின்னர் அவ்விருவரும் மனையறம் நடத்தும்போது அவர்தம் இல்லத்திற்குச் சென்று, மகள் எவ்வாறு குடித்தனம் செய்கிறாள் எனக் கண்டுவந்து நற்றாய்க்கு உரைப்பவளும் அவளே. குறுந்தொகையின் 167ஆம் பாடல் இத்துறையில் அமைந்தது. அடுப்படியில் பழக்கமில்லாத இளம்பெண் ஒருத்தி, புகை கண்ணில் படியத் தானே ஆக்கிய மோர்க்குழம்பைக் கணவனுக்குப் படைக்கும் காட்சியைக் கூடலூர் கிழார் அதில் காட்டியுள்ளார். வகுப்பறையில் இப்பாடலை நடத்தும்போது அப்பெண்ணின் முகமலர்ச்சியை வியந்து பாராட்டுகிறோம். கண்டுவந்து சொல்பவள் ஏன் அங்குச் சென்றாள் என்னும் வினாவை நாம் எழுப்புவதேயில்லை. வீட்டைவிட்டுப் போன பெண்ணாயினும் பின்தொடர்ந்து சென்று நலம் பார்த்துவர ஒருத்தி வேண்டும் என்று நம் முன்னோர் கருதினர் என்பது எளிய செய்தியன்று.

செவிலி என்னும் சொல் இன்றும் வாழ்கிறது. மருத்துவமனையில் ஊசி போடும் நர்ஸ், அரசு ஆவணங்களில் செவிலியர் ஆகிவிட்டார். ஆனால் அச்சொல் குறித்த பணிகளுள் தேடிச்செல்லும் பணி மட்டும் நாளுக்கு நாள் அருகி வருகிறது. இளம் வயதில் பெற்றோராகித் துணையின்றி நிற்கும் பிள்ளைகளைக் கருதும்போது, அக்குறையே ஏனைய குறைகளினும் பெரிதாகத் தோன்றுகிறது.

சென்ற ஆண்டு நவம்பர்த் தேர்வின்போது எங்கள் துறை வாயிலில் பழைய மாணவி ஒருத்தி, இடுப்பில் ஏழு மாதக் குழந்தையுடன் நின்றாள். இரண்டாமாண்டின் நடுவில் வகுப்புக்கு வாராது நின்றுபோனவள். நிலுவைத் தாள் எழுத வந்திருந்தாள். "ஐயா, மூணு மணி நேரம் இவனை எங்க விடுறதுன்னு தெரியல" என்றாள். எனக்கும் தெரியவில்லை. துறையில் அலுவலக உதவியாளராக இருந்த அம்மையார் ஒன்றும் கேட்காமல் கைநீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டு, "நீ போய் எழுதும்மா" என்றார். முதல் ஒரு மணி நேரம் அழுத குழந்தை, பிறகு விடைத்தாள் கட்டுகள் வைக்கும் மேசையின்மேல் விரித்த துண்டில் உறங்கிவிட்டது. நான் செய்தது மின்விசிறியைக் கூட்டி வைத்தது மட்டுமே.

அவள் கதையை அந்த அம்மையார் வழியாகத்தான் அறிந்தேன். பதினெட்டு நிறைந்த சில வாரங்களில் மணம். மணமகனுக்கு வயது இருபது. இருசக்கர வண்டியில் பார்சல் கொண்டு சேர்க்கும் வேலை. இரு வீட்டாரும் கதவை அடைத்துக்கொண்டனர். ஊர்ப்புறத்தே ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. கருவுற்றதும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சென்றாள். வயதைக் கேட்டவர் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். பிரசவம் அரசு மருத்துவமனையில் நலமாகவே முடிந்தது. மூன்றாம் நாள் குழந்தையோடு அந்த அறைக்குத் திரும்பினாள். மறுநாள் கணவன் வேலைக்குப் போனான். போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை.

தமிழ்நாட்டில் எச்சமயத்தாராயினும் தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது பொதுவழக்கு. அதனைச் சடங்கு என்று மட்டும் எண்ணுகிறோம். பிரசவ மருந்து கிளறிக் கொடுப்பதும், பத்தியம் பார்ப்பதும், வெந்நீர் வைத்து ஊற்றுவதும், பால் கட்டிக்கொண்டால் என்ன செய்வது எனச் சொல்வதும், நள்ளிரவில் குழந்தை வீறிடும்போது "நீ தூங்கு, நான் வச்சுக்கிறேன்" என்று வாங்கிக்கொள்வதும் ஆகிய பணிகள் அனைத்தும் அவ்வழக்கினுள் அடங்கியிருக்கின்றன. கூலியில்லாமல் நாற்பது நாள், மூன்று மாதம், ஐந்து மாதம் என நடைபெறும் பெருந்தொண்டு அது. தாய்வீட்டை இழந்தவள் இவை எல்லாவற்றையும் ஒருசேர இழக்கிறாள். பெற்றோரை இழந்தவள், தாயும் பனியன் கம்பெனியில் இரண்டு ஷிப்ட் பார்ப்பவள், பிழைப்புத் தேடி வேற்று மாநிலத்திலிருந்து வந்து செங்கற்சூளையில் தங்கியிருப்பவள் ஆகியோரின் நிலையும் இதுவே.

வயதுக் கணக்கு

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூறுதல் நன்றி மறத்தலாகும். 1975 அக்டோபர் 2ஆம் நாள் நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் இன்று அங்கன்வாடி என்னும் பெயரில் ஊர்தோறும் நிற்கிறது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் பள்ளிப் பிள்ளைகளோடு, பள்ளி செல்லும் பருவம் எய்தாத இரண்டு வயதுக் குழந்தையையும் பந்தியில் அமர்த்தியது. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி பெயரால் 1987இல் தொடங்கிய மகப்பேறு நிதியுதவி 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ரூபாயாகவும், 2018இல் ஊட்டச்சத்துப் பொருள்கள் உட்பட 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. பிற மாநிலத்தார் பார்த்துப் பின்பற்றிய திட்டங்கள் இவற்றுள் உண்டு.

ஆயினும் இந்நிதியுதவியைப் பெறுவதற்குத் தாய்க்கு 19 வயது நிறைந்திருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை 21 வயது நிறைந்த குடும்பத் தலைவியர்க்கு என வரையறுக்கப்பட்டது. திருமணத்தைப் பதிவு செய்ய ஆணுக்கு 21 வயது வேண்டும். மேற்சொன்ன கணவனுக்கு இருபதே. பதிவு இல்லை, ஆதலால் தனிக் குடும்ப அட்டை பெறுவதும் கடினமாயிற்று. இருவர் பெயரும் தத்தம் பெற்றோர் அட்டையிலேயே கிடக்க, அரிசி அங்கே போகிறது. பசி இங்கே இருக்கிறது. ஒவ்வொரு நிபந்தனைக்கும் காரணம் உண்டு என்பதை மறுக்கவில்லை. இளவயது மணத்தைத் தடுக்கவே 19 என்னும் எல்லை வைக்கப்பட்டது. ஆனால் மணம் நடந்து கருவும் உண்டான பின் அந்நிபந்தனை யாரைத் தடுக்கிறது? தாய்க்கு வயது குறைவு என்பதற்காகக் குழந்தைக்கு உதவி குறைகிறது. இருவருள் எவர்க்கு அது மிகுதியும் தேவையோ அவர்க்கே இல்லையாகிறது.

இது சிலரது துன்பம் எனத் தள்ளிவிடுதற்கும் இல்லை. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களுள் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு 23.3, தமிழ்நாட்டில் 12.8. முந்தைய ஆய்வில் இங்கு 16.3 ஆக இருந்தது, குறைந்திருப்பது மகிழ்ச்சியே. எனினும் எட்டில் ஒருத்தி என்பது சிறிய கணக்கன்று.

பதினெட்டுக்கும் கீழ்ப்பட்ட தாயின் நிலை இன்னும் துயரமானது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவளைப் பார்க்கும் மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். சட்டம் நல்லதற்கே வந்தது. சிறுமியரை மணம் என்னும் பெயரால் சீரழிப்பவர்கள் உண்டு என்பதையும் யாவரும் அறிவோம். ஆனால் கணவன் சிறை புகுவான் என்னும் அச்சத்தால் குடும்பத்தார் வயதை மாற்றிச் சொல்கின்றனர். அல்லது வலி கண்ட பிறகே மருத்துவமனைக்கு அழைத்து வருகின்றனர். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரையும் அடையாளத்தையும், அவளும் காப்பாளரும் வேண்டினால், அந்தத் தகவலில் வெளியிட வேண்டியதில்லை என 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. குழந்தை பெற்றுக்கொள்ள வருபவளின் அச்சம் அதனால் தீர்ந்துவிடாது. வழக்கு நடக்கட்டும். அது நடக்கும் காலம் வரை பால்குடிப் பிள்ளையோடு அவள் எங்கிருப்பாள்? அச்சட்டத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள், குழந்தைகள் நலக் குழு இத்தகைய சிறுமிக்குத் துணைநிற்கும் ஆதரவு நபர் ஒருவரை நியமிக்க இடம் தருகின்றன. செவிலி வேண்டும் என்பதைச் சட்டமே உணர்ந்திருக்கிறது எனலாம். அப்பணியை ஏற்கத் தக்க பயிற்சி பெற்றோர் நம் ஊர்களில் எத்தனை பேர் என எண்ணிப் பார்த்தால் விரல்கள் மிஞ்சும்.

கொட்டாம்பட்டி காட்டியது

இத்தகைய பணிக்கு நாம் வெளிநாடு சென்று பாடம் கேட்க வேண்டியதில்லை. 1980ஆம் ஆண்டு உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், அன்றைய மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முதலில் தொடங்கப்பெற்றது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து எடை பார்த்தனர். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை, தேறியதும் நிறுத்திவிடுவர். நிறுப்பதும் ஊட்டுவதும் தாய்மாரிடம் பேசுவதும் அந்தந்த ஊரிலேயே வாழும் பெண்ணின் பொறுப்பு.

அப்பணியாளரைத் தேர்ந்த முறையே நான் வியப்பது. ஏழையாக இருந்தும் தன் குழந்தையை நலமாக வளர்த்திருக்கும் தாய்க்கு முதலிடம் தந்தனர். பக்கத்துக் குடிசைக்காரி வறுமையிலும் பிள்ளையைத் தேற்றியிருக்கிறாள் என்றால், அவள் சொல்லை மற்றவள் கேட்பாள். வெள்ளுடை உடுத்தி வருபவர் சொல்வதைத் தலையசைத்துவிட்டு மறந்துவிடுவாள். சத்துருண்டை பிடிக்கும் வேலையையும் ஊர்ப்பெண்கள் குழுவாக இருந்து செய்த இடங்கள் உண்டு. கடும் ஊட்டக்குறைவு அத்திட்டப் பகுதிகளில் குறைந்ததென உலக வங்கியின் மதிப்பீடுகளே பதிவு செய்தன. 1997இல் இரண்டாம் கட்டம் முடிந்து அம்மையங்கள் அங்கன்வாடிகளோடு இணைந்தன.

இன்று அங்கன்வாடிப் பணியாளரின் கையில் எடைக்கருவியோடு கைப்பேசிச் செயலியும் சேர்ந்துகொண்டது. கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் ஏறத்தாழ 5,000 மக்களுக்குப் பொறுப்பு. அவர்கள் வீடு தேடி வாராமல் இல்லை. தடுப்பூசி நாளைச் சொல்லவும் பேறுகாலப் பதிவெண்ணைக் குறிக்கவும் வருகிறார்கள். அமர்ந்து பேச அவர்களுக்கு நேரமில்லை. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு அங்கன்வாடியில் சத்துமாவு உண்டு. பகலில் இருக்க இடம் பெரும்பாலும் இல்லை. ஒருவர் மடியிலேயே இருந்தாக வேண்டிய பருவமன்றோ அது!

பிற நாட்டில் செய்து பார்த்ததையும் ஒரு வரி சொல்லலாம். 1978இல் அமெரிக்காவின் எல்மைரா என்னும் சிற்றூரில் டேவிட் ஓல்ட்ஸ் என்பார், முதற்குழந்தையைக் கருவுற்றிருந்த 400 பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கினார். அவர்களுள் பலர் பதின்வயதினர். பலர் கணவன் துணை இல்லாதவர். ஒரு பகுதியினர் இல்லத்திற்குக் குழந்தையின் இரண்டு வயது வரை ஒரே செவிலியர் தொடர்ந்து சென்றுவந்தார். பதினைந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அவ்வில்லங்களில் குழந்தைகள் துன்புறுத்தப்படுதலும் கவனிப்பாரின்றி விடப்படுதலும் குறைவாக இருந்தன. இதே முறையை இங்கிலாந்தில் ஆய்ந்து 2015இல் வெளியிட்டபோது பெரும்பயன் காணப்படவில்லை. அங்கே எல்லாத் தாய்மார்க்கும் வீடு வரும் செவிலியர் முன்பே இருந்தமை அதற்கு ஒரு காரணமாகலாம். ஏற்கெனவே ஒருவர் போகும் வீட்டிற்கு மற்றொருவர் போவதால் விளைவது சிறிது. ஒருவரும் போகாத வீட்டிற்கு ஒருவர் போவதால் விளைவது பெரிது என்றே நான் கொள்கிறேன்.

நம் கையில் இருப்பவை

சமுதாயப் பெரியோர்கள் இம்மலரைப் படிப்பார்கள் என்னும் துணிவில் ஒன்று கூறுகிறேன். குமர் காரியம் என்றால் நம் ஜமாஅத்துகள் இல்லை என்று சொன்னதில்லை. பைத்துல்மாலிலிருந்தும், வெளிநாட்டில் பொருளீட்டும் அன்பர்களிடமிருந்தும் பணம் திரட்டி எத்தனையோ ஏழைப் பெண்களை மணமுடித்து அனுப்பியிருக்கிறோம். அந்தப் பெண்ணுக்கு ஓராண்டில் குழந்தை பிறந்தபோது அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க அனுப்பியவர் எத்தனை பேர்? மணத்திற்குக் கொடுத்த கணக்கு நம் பேரேட்டில் உண்டு. மகப்பேற்றிற்குப் பக்கம் இல்லை. அரசும் 1989 முதல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் திருமண உதவியே வழங்கிவந்தது. 2022இல் அதனை உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கான மாத உதவியாக மாற்றிக்கொண்டது. நாமும் பேரேட்டைத் திருத்தினால் குற்றமில்லை.

இடமும் நம்மிடம் இருக்கிறது. மக்தப் கூடங்கள் காலையிலும் மாலையிலும் பிள்ளைகளின் ஓதலால் நிறைந்து, பகல் முழுதும் பூட்டிக் கிடக்கின்றன. திருமண மண்டபங்களோ முகூர்த்தமில்லா மாதங்களில் வெளவாலுக்கே பயன்படுகின்றன. கோயில் மண்டபத்தையும் தேவாலயக் கூடத்தையும் குறித்து அவ்வச் சமயத்தார் சிந்திப்பாராக. 1969இல் தில்லியின் கட்டட வேலைத்தளம் ஒன்றில் புழுதியில் கிடந்த குழந்தைகளைக் கண்ட மீரா மகாதேவன், ஒரு கூடாரத்தில் தொடங்கிய காப்பகமே பின்னர் மொபைல் கிரெச்சஸ் என்னும் அமைப்பாக வளர்ந்தது. நமக்குக் கூடாரமும் அடிக்க வேண்டியதில்லை, கூரை இருக்கிறது. பத்துக் குழந்தைக்கு மூன்று பெண்கள், தூளி கட்ட உத்தரம், கொதித்த நீர், பூட்டும் கதவு, யார் கையில் குழந்தையைத் தரலாம் என்பதற்கு ஒரு பதிவேடு ஆகிய இவ்வளவே தொடக்கத்திற்குப் போதும். அப்பெண்களுக்கு மாதச் சம்பளம் உண்டு. தருமத்திற்குச் செய்வதாகச் சொல்லி அவர்களை வேலை வாங்குதல் கூடாது. எவர் பிள்ளை என்றும், எப்படி நடந்த மணம் என்றும் வாயிலில் எவரும் வினவுதல் ஆகாது.

இவ்வாறு உதவினால் இளையோர்க்கு ஓடிப்போகத் துணிவு வந்துவிடும் என்பார் உளர். சத்துமாவுப் பொட்டலத்தை எண்ணி எந்தப் பெண்ணும் வீட்டைவிட்டுப் போனதில்லை.

இளந்தந்தையைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அரசு ஏடுகளில் அவன் பெயர் ஒரு கட்டத்தில் எழுதப்படுகிறது, அத்தோடு சரி. இருபது வயதில் தந்தையானவனுக்குக் குழந்தையைத் தூக்கவும் அச்சம். சம்பளத்தில் முன்பணம் வாங்கிய கடனும் அவன் தலைமேல். அவன் குடிக்கப் போய்விட்டான், ஓடிவிட்டான் என்ற செய்தி வந்த பிறகே அவனைப் பற்றிப் பேசுகிறோம். வாரம் ஒருமுறை அவனோடு ஒரு தேநீர் குடித்து, "பிள்ளை எப்படிப்பா இருக்கு?" என்று கேட்க ஒரு மூத்தவர் போதும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எத்தனையோ பேர் மாலை வேளையில் செய்தித்தாளை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுள் நானும் விரைவில் ஒருவனாவேன்.

கல்லூரிகளும் தப்ப இயலாது. கருவுற்ற மாணவியர்க்கு விடுப்பும் வருகைப்பதிவில் தளர்வும் தர உரிய விதிகளை வகுக்குமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2021 டிசம்பரிலேயே துணைவேந்தர்களுக்கு எழுதியது. அதை அறிந்த மாணவியர் மிகச் சிலர். எடுத்துச் சொன்ன ஆசிரியர் அவரினும் சிலர். அச்சிலருள் நான் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த மாணவி நின்றுபோனபோது அவளுக்கு நான் ஒரு கடிதமும் எழுதவில்லை. வருகைப்பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு கிழித்தேன்.

தேடிச் சென்றவர் எங்கள் அலுவலக உதவியாளர் அம்மையார். அன்று மாலையே அவளோடு அந்த அறைக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். மறுவாரம், யாரும் அனுப்பாமலே, அவள் தாய் வீட்டிற்கும் போயிருக்கிறார். "பேரன் உன் ஜாடைதான், தலையில எண்ணெய் வைக்க ஆளில்ல" என்று மட்டும் சொல்லி வந்தாராம். பத்து நாள் கழித்து அந்தத் தாய், கணவர் அறியாமல், ஒரு புட்டி நல்லெண்ணெயும் ஒரு படி உளுந்தும் எடுத்துக்கொண்டு அறை வாயிலில் வந்து நின்றிருக்கிறார். இப்போது மாதம் இருமுறை வருகிறார். தந்தை இன்னும் பேசவில்லை.

மாணவி நவம்பரில் ஒரு தாளிலும் ஏப்ரலில் ஒரு தாளிலும் தேறினாள். ஏப்ரலிலும் குழந்தை அந்த அம்மையாரிடமே இருந்தது. மேசையில் படுக்கவைக்க முடியாதபடி தவழத் தொடங்கியிருந்தது. இன்னும் இரண்டு தாள்கள் உள்ளன. அம்மையார் சென்ற மே மாதம் ஓய்வு பெற்று, மகன் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார்.